மூலை வீட்டில் நாலு முட்டைக்கோழி வளர்க்கலாமா?

மெர்தாஜாம் மருமகள்:

எல்லாருக்கும் வணக்கம். புக்கிட் மெர்தாஜாமில் ஒரு தாமானில், அதாவது வீட்டுக் குடியிருப்பில், இருக்கிறோம், மூலை வீடு. பக்கவாட்டில் 15 அடிக்கு 40 அடி நிலம் சும்மா கிடக்கிறது. ஒரு கறிவேப்பிலை, ஓர் எலுமிச்சை, வேலியோரமாகக் கொஞ்சம் பண்டான், அவ்வளவுதான்.

அத்தை, அதாவது என் வீட்டுக்காரரின் அம்மா, போன வருசம் எங்களோடு வந்துவிட்டார். நிபோங் திபால் பக்கம் ரப்பர் தோட்டத்திலேயே பிறந்து, அங்கேயே பால்மரம் வெட்டி, அங்கேயே பிள்ளைகளை வளர்த்தவர். லயத்து வீட்டுக்குப் பின்னால் எப்போதும் பத்துப் பதினைந்து கோழி இருக்குமாம். இங்கே வந்ததிலிருந்து விடியற்காலை எழுந்து வாசலில் உட்கார்ந்துகொண்டு எதையோ தேடுகிற மாதிரியே இருக்கிறார், என்ன அத்தை என்று கேட்டால் "கை சும்மா இருக்கும்மா" என்கிறார். போன வாரம் அவரே வாய்விட்டு, "நாலு கோழி வாங்கிக் குடுத்தா நான் பாத்துக்குவேன்" என்றார். அவர் எதையும் கேட்கிற ஆள் இல்லை. அதனால் இதை எப்படியாவது செய்துகொடுத்துவிட வேண்டும் என்று இருக்கிறேன்.

எனக்குக் கோழியைப் பற்றி ஒன்றும் தெரியாது. முட்டையிடச் சேவல் வேண்டுமா? பக்கத்து வீட்டில் வயதான சீனத் தம்பதி, அவர்களுக்குத் தொந்தரவாக இருக்கக்கூடாது. நாற்றம் வருமா? கம்பத்து நாட்டுக்கோழி நல்லதா, பண்ணையில் வளர்க்கிற சிவப்புக் கோழி நல்லதா? வீட்டில் நாலு வயதுப் பையன் வேறு இருக்கிறான். கூண்டு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், எங்கே தொடங்குவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஜாவி தோட்டத்தான்:

தங்கச்சி, உங்கள் அத்தை சொன்னதைப் படித்ததும் என் அம்மா ஞாபகம் வந்துவிட்டது. தோட்டத்தை விட்டு வந்தவர்கள் பாதிப் பேர் இப்படித்தான் தவிக்கிறார்கள். வாங்கிக் கொடுங்கள், ஆனால் கோழியைக் கடைசியில் வாங்குங்கள். முதலில் கூண்டு. கோழியை அட்டைப் பெட்டியில் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கூண்டு கட்டலாம் என்று ஆரம்பித்தால் முதல் வாரமே ஒன்று போய்விடும்.

முட்டைக்குச் சேவல் வேண்டியதில்லை. பெட்டைக்கோழி தன்பாட்டுக்கு இடும், என்ன, அந்த முட்டை பொரிக்காது. தாமானில் சேவல் வைக்கவே வைக்காதீர்கள், விடியற்காலை நாலு மணிக்கே கூவ ஆரம்பித்துவிடும். முட்டையிட்ட பெட்டையும் கொக்கரிக்கும், ஆனால் அது பகலில், சில நிமிசம்தான்.

கம்பத்துக் கோழி எங்கள் உயிர், அதில் சந்தேகம் இல்லை. நோய்க்கும் வெயிலுக்கும் தாங்கும், தானே மேய்ந்து தின்னும். ஆனால் முட்டைக்கு அதை நம்ப முடியாது. ஓர் ஈட்டுக்குப் பத்து, பன்னிரண்டு, சில சமயம் பதினைந்து முட்டை இடும், அப்புறம் அடைக்கு உட்கார்ந்துவிடும். 21 நாள் அடை, அப்புறம் குஞ்சுகளோடு ரெண்டு மாசம் போல அலையும். நீங்கள் முட்டையை எடுத்துவிட்டாலும் வெறும் கூட்டில் போய்ப் பிடிவாதமாக உட்காரும். எங்கள் அம்மா அந்த மாதிரிக் கோழியை எடுத்து அடிப்பக்கம் கம்பி போட்ட கூண்டில், வயிற்றுக்குக் கீழே காற்று படுகிற மாதிரி மூணு நாலு நாள் வைத்திருப்பார், அடை தெளிந்துவிடும். இன்னொன்று, கம்பத்துக் கோழி பறக்கும். எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்தால் எல்லாம் ரம்புத்தான் மரத்தில் ஏறிவிடும். 15 அடி நிலத்தில் அதை வைத்தால் பாகார் வேலியைத் தாண்டிப் பக்கத்து வீட்டுப் பூச்சட்டியில்தான் நிற்கும். ஒரு பக்கத்து இறக்கையில் மட்டும் நீளமான சிறகுகளை வெட்டிவிட்டால் நிலை தடுமாறிப் பறக்காது, அதுவும் இறகு உதிர்ந்து முளைக்கிற வரைக்கும்தான்.

அதனால் உங்கள் இடத்துக்குப் பண்ணைச் சிவப்புப் பெட்டையே சரி. நாலே நாலு. ஒன்று வாங்காதீர்கள், தனிக் கோழி ஏங்கிப் போகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கூட்டில் எப்போதும் ஒரு முட்டையை விட்டுவைப்பது எங்கள் பழக்கம். எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் கோழி இடம் மாற்றிப் புதருக்குள் போய் இடும். அத்தைக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும், அவரிடமே கேளுங்கள். சொல்லச் சொல்ல அவருக்கே தெம்பு வந்துவிடும்.


முட்டைப்பண்ணை 11 வருசம்:

ஜாவி அண்ணன் சொன்னது சரி, ஆனால் சிவப்புக் கோழி வாங்கும்போது ஏமாறாமல் இருக்கச் சில விசயம் சொல்கிறேன். நான் முட்டைப் பண்ணையில் 11 வருசம் வேலை பார்த்தவன்.

பண்ணையில் கோழி 18 முதல் 20 வாரத்தில் இட ஆரம்பிக்கும், 28 முதல் 30 வாரத்தில் உச்சத்துக்குப் போகும். அந்த நேரத்தில் நூறு கோழி இருந்தால் நாளைக்குத் தொண்ணூறு முட்டைக்கு மேல் வரும். ஒன்றரை வயதைத் தாண்டினால் முட்டை குறையும், ஓடு மெலியும், பண்ணைக்குக் கட்டுப்படியாகாது என்று மொத்தமாகத் தள்ளிவிடுவார்கள். மலாயில் இதைத்தான் 'ஆயாம் பென்சேன்' என்கிறார்கள், கறிக்குத்தான் போகும். சில பேர் இதையே "இப்பத்தான் முட்டையிட ஆரம்பிச்சிருக்கு" என்று சொல்லி வீட்டுக்காரர்களிடம் விற்கிறார்கள். அதில் முட்டை வராது என்று சொல்லவில்லை, வரும், ஆனால் இளம் கோழியின் விலையைக் கொடுத்துவிட்டு அதை வாங்கக்கூடாது.

எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், காலைப் பாருங்கள். இளம் கோழியின் கால் நல்ல மஞ்சளாக இருக்கும். இட இட, தீனியில் வருகிற மஞ்சள் நிறம் எல்லாம் கருவுக்குப் போய்விடுகிறது, உடம்பில் இருக்கிற மஞ்சளும் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கும். முதலில் பின்துவாரத்தைச் சுற்றி வெளுக்கும், அப்புறம் கண்ணைச் சுற்றி, அப்புறம் அலகு, கடைசியில் கால். கால் வரைக்கும் வெளுத்துப்போன கோழி பல மாசம் இட்டு முடித்த கோழி. அடுத்து, இன்னும் இட ஆரம்பிக்காத பெட்டையின் கொண்டை சின்னதாக, வெளிறிய நிறத்தில் இருக்கும், அது சிவந்து பெரிதாகும்போது முட்டை நெருங்கிவிட்டது என்று அர்த்தம். பின்துவாரத்துக்கு ரெண்டு பக்கமும் கூர்மையான ரெண்டு எலும்பு இருக்கும், இடாத கோழிக்கு அது ஒரு விரல்கூட நுழையாத அளவுக்கு நெருக்கமாக இருக்கும், இடுகிற கோழிக்கு ரெண்டு மூணு விரல் போகும். வயது போன கோழிக்கு முதுகிலும் கழுத்திலும் இறகு தேய்ந்து கிடக்கும், கூண்டுக் கம்பியில் உரசி உரசி. அலகின் நுனி வெட்டியிருந்தால் பயப்பட வேண்டாம், ஒன்றையொன்று கொத்தாமல் இருக்கக் குஞ்சிலேயே வெட்டிவிடுவது பண்ணை வழக்கம்.

16, 17 வாரத்துப் பெட்டையாகக் கேளுங்கள். என்னென்ன தடுப்பூசி போட்டிருக்கிறது என்றும் கேளுங்கள். ஒழுங்காக வளர்த்தவர் தேதியோடு சொல்வார்.

தீனி. ஒரு கோழிக்கு நாளைக்கு 110 கிராம் போல வேண்டும். முட்டைக்கோழித் தீனி என்றே கேட்டு வாங்குங்கள், அதில் புரதம் 16 முதல் 18 விழுக்காடு இருக்கும், கால்சியம் மூன்றரை முதல் நாலு விழுக்காடு. கறிக்கோழித் தீனியைப் போட்டால் கோழி கொழுக்கும், ஓடு உடையும். ஆனால் இன்னும் இடாத பெட்டைக்கு முட்டைத் தீனியை ரொம்ப முன்னதாகக் கொடுக்காதீர்கள், அவ்வளவு கால்சியத்தை அதன் சிறுநீரகம் தாங்காது. முதல் முட்டை நெருங்கும் வரைக்கும் வளர்கோழித் தீனி.

ஒரு முட்டை ஓட்டுக்கு ரெண்டு கிராமுக்கு மேல் கால்சியம் போகிறது. அந்த ஓடு உருவாக இருபது மணி நேரம் போல ஆகும், அதில் பெரும்பகுதி ராத்திரியில், கோழி எதுவும் தின்னாத நேரத்தில் நடக்கிறது. அதனால் கிளிஞ்சல் ஓட்டைத் தூளாக அரைக்காமல் குருணை குருணையாக உடைத்துச் சாயங்காலம் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். பெரிய துண்டு வயிற்றில் மெதுவாகக் கரைந்து ராத்திரி முழுக்கக் கிடைக்கும். கோழிக்கு வேண்டுமென்றால் அதுவே போய்த் தின்னும், தீனியோடு கலக்காதீர்கள்.

வெளிநாட்டுப் பக்கங்களைப் படித்துவிட்டுக் கூண்டில் விளக்குப் போட வேண்டுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். குளிர் நாட்டில் பனிக்காலத்தில் பகல் சுருங்குவதால் கோழி முட்டையை நிறுத்திவிடும், அதற்குத்தான் விளக்கு. பினாங்கில் வருசத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். வருசம் முழுக்க ஏறக்குறைய 12 மணி நேர வெளிச்சம். பண்ணையில் 16 மணி நேரம் வரைக்கும் விளக்குப் போட்டுக் கடைசி முட்டை வரை எடுப்பார்கள். வீட்டில் அது தேவையில்லை, கோழியும் தூங்கட்டும்.

நம் ஊரில் பிரச்சினை வெயில்தான். கோழிக்கு வியர்வை கிடையாது, வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும். அப்படி ரொம்ப நேரம் வாங்கினால் ரத்தத்தில் இருக்கிற கரியமில வாயு குறைந்துவிடும். ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட் அதிலிருந்துதான் வருகிறது, அதனால் எவ்வளவு கிளிஞ்சல் போட்டாலும் ஓடு மெலியும். வெறும் தகரக் கூரை வேண்டாம், அத்தாப்பு ஓலை போடுங்கள், இல்லையென்றால் தகரத்துக்கு மேலே ஓர் அடி இடைவெளி விட்டு நிழல் வலை கட்டுங்கள். மத்தியானம் தண்ணீரை மாற்றிக் குளிர்ந்த தண்ணீராக வையுங்கள்.


கெப்போங் அக்கா:

நான் கோலாலம்பூரில், தரை வீடு, ஆறு வருசமாகக் கோழி வைத்திருக்கிறேன். முதல் தடவை ஐந்து கோழியையும் ஒரே ராத்திரியில் இழந்தேன். அதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கடையில் 'கோழி வலை' என்று விற்கிற அந்த ஆறுகோண வலையைத்தான் நாலு பக்கமும் அடித்தேன். அது கோழி வெளியே போகாமல் தடுக்கும், மற்றது உள்ளே வராமல் தடுக்காது. மூசாங், அதாவது மரநாய், வந்து அடிப்பக்கத்தில் வலையைப் பிய்த்துக்கொண்டு நுழைந்துவிட்டது. மூசாங் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போவதோடு நிற்காது, கூண்டுக்குள் கோழிகள் படபடக்கப் படபடக்க எல்லாவற்றையும் கடித்துப் போட்டுவிடும். காலையில் போய்ப் பார்த்தபோது ஒன்றுதான் காணாமல் போயிருந்தது, மற்ற நாலும் அங்கேயே கிடந்தன. என் மகள் பள்ளிக்கூடம் போகாமல் அழுதாள்.

இப்போது அரை அங்குலச் சதுரக் கம்பிவலை, பற்றவைத்த வலை, எல்லாப் பக்கமும், மேலேயும். கீழே ஓர் அடி அகலத்துக்கு வலையை வெளிப்பக்கமாக மடக்கித் தரையில் படுக்கப் போட்டு மண்ணும் கல்லும் போட்டு மூடியிருக்கிறேன், எது தோண்டினாலும் வலையில்தான் முட்டும். கதவுக்குச் சாதாரணக் கொக்கி போதாது, ரெண்டு தாழ்ப்பாள். புக்கிட் மெர்தாஜாம் என்றால் மலை பக்கத்திலேயே இருக்கிறது, மலைப்பாம்பும் வரும், உடும்பும் வரும். பாம்பு வந்தால் நீங்களாக அடிக்கப் போகாதீர்கள், பொதுத் தற்காப்புப் படைக்கோ தீயணைப்புப் படையான பொம்பாவுக்கோ சொன்னால் வந்து பிடித்துப் போவார்கள். மலைப்பாம்பும் உடும்பும் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை.

அளவு கேட்டிருந்தீர்கள். தூங்குகிற கூண்டு ஒரு கோழிக்கு நாலு சதுர அடி, மேய்கிற இடம் ஒவ்வொன்றுக்கும் பத்துச் சதுர அடி. நாலு கோழிக்கு 4 அடிக்கு 4 அடிக் கூண்டு, அதோடு ஒட்டின மாதிரி 4 அடிக்கு 10 அடி மேய்ச்சல். இதற்குக் குறைத்தால் ஒன்றையொன்று கொத்தும். கூண்டைத் தரையிலிருந்து ரெண்டு அடி தூக்கிக் கட்டுங்கள், மழை அடித்தாலும் உள்ளே நனையாது. உள்ளே ரெண்டு அங்குலம் அகலமான சட்டம் குறுக்கே போட்டால் அதில் ஏறித் தூங்கும். முட்டைப் பெட்டி ஒன்று போதும், அதைத் தூங்குகிற சட்டத்தைவிடத் தாழ்வாக வையுங்கள், இல்லையென்றால் அதில் ஏறித் தூங்கி எச்சம் போட்டு நாசமாக்கும்.

நாற்றத்துக்குக் காரணம் ஈரம். காய்ந்த எச்சம் நாறாது, நனைந்தால்தான் மூக்கைக் குத்துகிற வாடை வரும். தரையில் உமியோ மரச்சீவலோ நாலு முதல் ஆறு அங்குலம் கெட்டியாகப் போடுங்கள், வாரம் ஒரு தடவை கிளறிவிடுங்கள், நனைந்த இடத்தை அன்றைக்கே அள்ளிவிடுங்கள். உங்கள் பக்கம் வடக்கே நெல்வயல் இருப்பதால் உமி சுலபமாகக் கிடைக்கும், இங்கே நான் அலைந்துதான் வாங்குகிறேன். நாற்றம் இருக்கிறதா என்று நின்றுகொண்டு பார்க்காதீர்கள், குந்தி உட்கார்ந்து கோழியின் தலை உயரத்தில் மூக்கை வைத்துப் பாருங்கள். அங்கே கண் எரிந்தால் கோழிக்கும் எரிகிறது. அள்ளுகிற எச்சத்தை அப்படியே செடிக்குப் போட்டால் வேர் கருகிவிடும். காய்ந்த இலையோடு சேர்த்து சில மாதம் மக்கவைத்துப் போடுங்கள், கறிவேப்பிலை எப்படி வருகிறது என்று பாருங்கள்.

நம் நாட்டில் இன்னும் ரெண்டு விசயம் இருக்கிறது, வெளிநாட்டுக் காணொளியில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஒன்று ஏடிஸ். தண்ணீர்க் கிண்ணத்தை ஒரு வாரம் மாற்றாமல் விட்டால் கொசு முட்டை போட்டுக் கொசுவாகவே வெளியே வந்துவிடும். தினமும் கொட்டி, தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர். சும்மா கொட்டினால் போதாது, முட்டை கிண்ணத்து ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். தாமானில் புகை அடிக்க வருகிற அன்றைக்குத் தீனியையும் தண்ணீரையும் எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். ரெண்டாவது எலி. சிந்தின தீனியை ராத்திரி விட்டால் எலி வரும், எலி மூத்திரத்தால் வருகிற நோய் உயிருக்கே ஆபத்து. தீனியை மூடி போட்ட வாளியில் வையுங்கள், பொழுது சாய்ந்ததும் தீனித் தட்டை எடுத்துவிடுங்கள்.

செலவு பண்ணுவதற்கு முன்னால் மாநகர் கழக அலுவலகத்துக்கு நேரில் போய், வீட்டில் கோழி வைக்க அனுமதி வேண்டுமா, எத்தனை வைக்கலாம் என்று கேட்டுவிடுங்கள். ஒவ்வொரு ஊராட்சிக்கும் விதி வேறு. அப்புறம் அந்தச் சீனத் தம்பதியிடம் கூண்டு கட்டுவதற்கு முன்னாலேயே போய்ச் சொல்லுங்கள். அவர்கள் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள். கட்டின பிறகு சொன்னால் அது வேறு மாதிரி ஆகிவிடும்.


பிறைக்காரன்:

எல்லாரும் நல்லதைச் சொல்லிவிட்டார்கள், நான் கணக்கை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் முட்டை விலையைப் பார்த்துவிட்டுக் கோழி வாங்குகிறவர்கள் நிறைய. 2022 கடைசியில் கடையில் முட்டையே கிடைக்காமல் அலைந்தோம், 2025 ஆகஸ்ட் 1 முதல் முட்டைக்கு மானியமும் இல்லை விலைக் கட்டுப்பாடும் இல்லை. அதனால் ஆசை வருவது நியாயம்.

நாலு கோழிக்கு மாசம் 13 கிலோ தீனி. நல்லா இடுகிற காலத்தில் நாளைக்கு மூணு முட்டை என்று வைத்தால் மாசம் 90, அதாவது மூணு தட்டு. ஒரு முட்டைக்கு ஏறக்குறைய 145 கிராம் தீனி. உங்கள் பக்கத்துத் தீனிக்கடை விலையால் பெருக்கிப் பாருங்கள், ஒரு மூட்டையாக வாங்குகிற விலையும் கிலோக் கணக்கில் சில்லறையாக வாங்குகிற விலையும் ரொம்ப வித்தியாசப்படும், ஆனால் மூட்டையாக வாங்கினால் நாலு கோழி தின்று முடிப்பதற்குள் பூஞ்சை பிடித்துவிடும். பூஞ்சை பிடித்த தீனியைப் போடவே கூடாது. ரெண்டு மூணு வீடு சேர்ந்து ஒரு மூட்டை வாங்கிப் பிரித்துக்கொள்வது நல்லது. கூண்டுச் செலவையும் சேர்த்தால் காசு மிச்சமாகும் என்று நான் சொல்ல மாட்டேன். சமையலறை மிச்சம் போட்டே வளர்த்துவிடலாம் என்பதும் கம்பத்துக் கோழிக்குச் சரி, சிவப்புக் கோழிக்கு அது பட்டினி. கீரைத் தண்டு, பப்பாளித் தோல், முருங்கை இலை, தேங்காய்ச் சக்கை எல்லாம் சாயங்காலம் ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். உப்புப் போட்ட சாதம், குழம்பு வேண்டாம். எந்தப் பயறு வகையையும் வேகவைக்காமல் பச்சையாகப் போடக்கூடாது. அவகாடோ ஆகாது.


மெர்தாஜாம் மருமகள்:

இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று நினைக்கவே இல்லை, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அத்தைக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். அடைக்கோழியைக் கம்பிக் கூண்டில் வைப்பதைக் கேட்டுவிட்டு, தங்கள் தோட்டத்தில் தண்ணீரில் முக்கி எடுப்பார்கள் என்று சொல்லிச் சிரித்தார். அப்புறம் ஒரு மணி நேரம் கோழிக் கதைதான்.

மாநகர் கழகத்தில் கேட்டுவிட்டு வந்தோம், என்ன செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள், அதன்படி செய்கிறோம். பக்கத்து வீட்டு அங்கிளிடமும் சொன்னேன், அவர் ஈப்போவில் சின்ன வயதில் கோழி வளர்த்தவராம், சேவல் மட்டும் வேண்டாம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஓர் இடத்தில் போய்ப் பார்த்தோம். 'புதுசு, 18 வாரம்' என்றார். அண்ணன் சொன்ன மாதிரி காலைப் பார்த்தேன், வெள்ளை வெளேர் என்று இருந்தது, கழுத்தில் இறகே இல்லை. அத்தை ஒன்றைத் தூக்கிப் பின்பக்கம் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "வாம்மா போலாம்" என்றார். வாங்காமல் வந்துவிட்டோம்.

நோய்தான் எனக்கு இன்னும் பயம். தடுப்பூசி நாமே போட வேண்டுமா? பையன் கோழியைத் தொட்டால் ஏதாவது வருமா? அப்புறம் இன்னொரு விசயம், கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறது, முட்டை நின்றுபோன பிறகு என்ன செய்வது? அத்தை ஒன்றும் சொல்லவில்லை.


முட்டைப்பண்ணை 11 வருசம்:

வாங்காமல் வந்தது நல்ல வேலை.

முதலில் பயப்பட வேண்டியது வெள்ளைக்கழிச்சல், மலாய்க்காரர்கள் 'சம்பார்' என்பார்கள். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், மூச்சு இழுக்கும், கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொள்ளும், வந்தால் மருந்து கிடையாது, கூட்டமே போய்விடும். தடுப்பூசி மட்டும்தான் வழி. ஆனால் அது ஒரு குப்பியில் நூற்றுக்கணக்கான கோழிக்கு வருகிற மருந்து, திறந்தால் கொஞ்ச நேரத்தில் பயன்படுத்திவிட வேண்டும், நாலு கோழிக்காக வாங்க முடியாது. அதனால்தான் ஏற்கெனவே தடுப்பூசி போட்ட பெட்டையாக வாங்கச் சொன்னேன். அடுத்தது எப்போது போட வேண்டும் என்று கால்நடைச் சேவைத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள்.

கோழி அம்மையும் உண்டு, கொண்டையிலும் முகத்திலும் மரு மருவாக வரும், பெரும்பாலும் கொசுதான் பரப்பும். கெப்போங் அக்கா சொன்ன தண்ணீர்க் கிண்ணத்தை இதற்காகவும் கழுவுங்கள். செள் வராமல் இருக்க ஓர் ஓரத்தில் காய்ந்த மண்ணும் விறகுச் சாம்பலும் கலந்து வையுங்கள், அதில் புரண்டு புரண்டு அதுவே குளித்துக்கொள்ளும்.

நாலு கோழியையும் ஒரே இடத்தில் ஒரே நாளில் வாங்குங்கள். பிறகு புதிதாக ஒன்று சேர்ப்பதானால் மூணு வாரமாவது தனியாக வைத்துப் பார்த்த பிறகுதான். சந்தையிலிருந்து ஒரு கோழியைக் கொண்டுவந்து அன்றைக்கே உள்ளே விடுகிறவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். காரணம் தெரியாமல் ஒன்றுக்கு மேல் சட்டென்று செத்தால் தூக்கிப் போடாதீர்கள், சமைக்காதீர்கள், கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். 2006-ல் கோலாலம்பூர் செத்தாப்பாக்கில் பறவைக் காய்ச்சல் கண்டுபிடித்ததே கம்பத்துக் கோழிகளில்தான், பண்ணையில் இல்லை. வீட்டுக் கோழி நாலுதானே என்று விடக்கூடாது.

முட்டை நின்ற பிறகு என்ன என்று கேட்டீர்கள். இதை வாங்குவதற்கு முன்னாலேயே கேட்கிறவர்கள் குறைவு. சிவப்புக் கோழி ரெண்டு வருசம் நல்லா இடும், அப்புறம் வருசா வருசம் குறையும், ஆனால் உயிரோடு ஐந்தாறு வருசம்கூட இருக்கும். ஒரு தடவை இறகு உதிர்க்கும்போது ரெண்டு மூணு மாசம் நிற்கும், அது முடிந்து திரும்ப வரும், அதைப் பார்த்து முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பண்ணையில் நாங்கள் யோசித்ததே இல்லை, லாரி வரும், ஏற்றிவிடுவோம். வீட்டில் அப்படி இல்லை. குழந்தை பேர் வைத்துவிடுவான். அத்தையிடம் இப்போதே உட்கார்ந்து பேசுங்கள், வைத்துக்கொள்வதா, கறிக்குக் கொடுப்பதா என்று. எது முடிவானாலும் சரி, ஆனால் அந்த நாள் வந்த பிறகு பேசினால் எல்லாருக்கும் கஷ்டம்.


கெப்போங் அக்கா:

பையனைத் தொட விடுங்கள், பயப்படாதீர்கள். தொட்ட பிறகு சவுக்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும், வாய் வைத்து முத்தம் கொடுக்கக்கூடாது, கோழிக்கூண்டுக்குப் போட்ட செருப்பு வீட்டுக்குள் வரக்கூடாது. சால்மொனெல்லா என்கிற கிருமி பார்க்க நல்லா இருக்கிற கோழியிலும் இருக்கும், சின்னப் பிள்ளைகளுக்கு வந்தால் வயிற்றுப்போக்கு பலமாக இருக்கும். அதனால் அரைவேக்காட்டு முட்டை அவனுக்கும் வயதான அத்தைக்கும் வேண்டாம், நல்லா வேகவைத்துக் கொடுங்கள்.

எடுத்த முட்டையை உடனே கழுவாதீர்கள். ஓட்டின் மேல் மெல்லிய பூச்சு ஒன்று இருக்கிறது, அதுதான் கிருமி உள்ளே போகாமல் காக்கிறது. அழுக்கு இருந்தால் காய்ந்த துணியால் துடையுங்கள், ரொம்ப அழுக்கானதை மட்டும் கழுவி அன்றைக்கே சமைத்துவிடுங்கள். பெரும்பாலும் காலையிலேயே இட்டுவிடும், அதனால் பத்து மணி வரைக்கும் கூண்டிலேயே வைத்திருந்து அப்புறம் மேய விட்டால் முட்டை எல்லாம் பெட்டியிலேயே இருக்கும், புதரில் தேட வேண்டியதில்லை.

ஜாவி அண்ணன் ஒரு முட்டையை விட்டுவைக்கச் சொன்னார். அதற்குப் பதிலாக ஒரு கோல்ப் பந்தை வைத்தாலும் போதும், கோழி நம்பும். உண்மை முட்டையை விட்டால் என்றாவது உடையும், உடைந்ததை ஒரு தடவை ருசி பார்த்த கோழி அப்புறம் தானே கொத்தித் தின்னப் பழகிவிடும்.


ஜாவி தோட்டத்தான்:

கோல்ப் பந்து நல்ல யோசனைதான். விட்டுவைக்கிற முட்டையில் எங்கள் அம்மா கரித்துண்டால் ஒரு கோடு போட்டுவைப்பார், எது பழசு என்று தெரிய. மூணு நாளுக்கு ஒரு தடவை மாற்றிவிடுவார்.


மெர்தாஜாம் மருமகள்:

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். கூண்டு கட்டவே மூணு வாரம் ஆகிவிட்டது. அரை அங்குலக் கம்பிவலை, மேலே அத்தாப்பு, எலுமிச்சை நிழலில், பக்கத்து வீட்டுச் சுவரிலிருந்து 11 அடி தள்ளி. அப்புறம்தான் கோழி. 16 வாரத்துப் பெட்டை நாலு, தடுப்பூசித் தேதியெல்லாம் எழுதிக் கொடுத்தார்கள், நாலுக்கும் கால் மஞ்சளோ மஞ்சள்.

முதல் ரெண்டு நாள் ராத்திரி சட்டத்தில் ஏறத் தெரியாமல் மூலையில் ஒண்டிக்கொண்டு நின்றன. அத்தை டார்ச் அடித்துக்கொண்டு போய் ஒவ்வொன்றாகத் தூக்கிச் சட்டத்தில் வைத்தார், மூணாம் நாள் தானே ஏறிவிட்டன. பழைய தீக்குச்சிப் பெட்டி நிறம் மாதிரி ஒன்று கொஞ்சம் கருத்த சிவப்பு, அதற்கு மட்டும் பையன் பேர் வைத்திருக்கிறான். வயதானால் என்ன செய்வது என்று அத்தையிடம் கேட்டேன். "இருந்துட்டுப் போகட்டும், என்னாட்டம்" என்றார். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

போன வாரத்திலிருந்து அந்தக் கருஞ்சிவப்புக் கோழியின் கொண்டை சிவந்துகொண்டே வந்தது. இன்று காலை எட்டரைக்கு ஒரே கொக்கரிப்பு. முதல் முட்டை, நிறுத்துப் பார்த்தேன், 46 கிராம். பக்கத்து வீட்டு அங்கிள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து "வந்துடுச்சா?" என்று மலாயில் கேட்டார்.

கோல்ப் பந்து வாங்கித்தான் வைத்திருந்தேன். அத்தை அதை எடுத்துப் பையனிடம் கொடுத்துவிட்டு, முட்டையில் பென்சிலால் ஒரு கோடு போட்டுப் பெட்டியிலேயே திரும்ப வைத்துவிட்டார்.